டீன் டைட்டன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசி காமிக்ஸின் டீன் டைட்டன்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் கேள்விகள் இரண்டு திசையிலிருந்து வரும். கார்ட்டூனைப் பார்த்துவிட்டு "இதெல்லாம் காமிக்ஸிலும் உண்டா?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். பேட்மேன், சூப்பர்மேன் எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு "இந்தப் பொடியன்களை எதற்குப் படிக்கணும்?" என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்கள். கதையின் முக்கியத் திருப்பத்தை உடைக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டீன் டைட்டன்ஸ் என்பவர்கள் யார்?

பெரிய சூப்பர் ஹீரோக்களிடம் எடுபிடிகளாக இருந்த பதின்வயதுப் பிள்ளைகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழு. பேட்மேனுடன் சுற்றும் ராபின், ஃப்ளாஷின் சிஷ்யன் கிட் ஃப்ளாஷ், அக்வாமேனின் சிஷ்யன் அக்வாலேட். தொடங்கியபோது இந்த மூன்று பேர்தான். இவர்களுக்கு நேர்மாறாக, இன்றைக்குக் கார்ட்டூன் ரசிகர்களுக்குத் தெரிந்த ஐவர் அணியில் ராபின் ஒருவன் மட்டுமே எடுபிடி வேலை பார்த்தவன். ஸ்டார்ஃபயர், ரேவன், சைபார்க், பீஸ்ட் பாய் நால்வருக்கும் தலைக்குமேல் குரு யாரும் கிடையாது. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் இந்தக் குழுவின் கதையே இருக்கிறது.

முதல் கதை எது?

1964-இல் வந்த 'த பிரேவ் அண்ட் த போல்டு' 54-ஆம் இதழ். எழுத்து பாப் ஹேனி, ஓவியம் புரூனோ பிரமியானி. ஹாட்டன் கார்னர்ஸ் என்ற சிற்றூரில் பெரியவர்களுக்கும் இளசுகளுக்கும் தகராறு. ஊர்ப் பிள்ளைகள் இந்த மூன்று பேரையும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். வந்து பார்த்தால் பிள்ளைகளைக் காணோம். தூக்கிப் போனவன் மிஸ்டர் ட்விஸ்டர். புயலைக் கிளப்பும் கோல் வைத்திருப்பவன்.

அவனுடைய நியாயம் சுவாரசியமானது. அந்த ஊர் நிலம் அவன் மூதாதையருடையதாம். குடியேற்றக் காலத்தில் போட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு ஒரு பயணிப்புறா இறகு குத்தகையாகத் தரவேண்டும். தராவிட்டால் ஊர் இளைஞன் ஒருவன் அவனிடம் வேலை பார்க்க வேண்டும். பயணிப்புறா என்ற இனமே 1914-இல் பூண்டோடு அழிந்துவிட்டது. இறகுக்கு எங்கே போவது? பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பெரியவர்கள் எந்தக் காலத்திலோ போட்ட கையெழுத்துக்குப் பிள்ளைகள் வேலை செய்து கடன் தீர்க்க வேண்டும். இந்தக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் கதை அமைந்திருக்காது. ஹேனி இதையெல்லாம் யோசித்து எழுதினாரா என்பது வேறு விஷயம்.

அந்த இதழில் குழுவுக்குப் பெயர்கூடக் கிடையாது. அடுத்த ஆண்டு 60-ஆம் இதழில்தான் 'டீன் டைட்டன்ஸ்' என்ற பெயரும், வொண்டர் கேர்ளும் வந்து சேர்ந்தார்கள். 1966-இல் தனி இதழ் தொடங்கியது. அந்த இதழ்களைத் தாங்கிப் பிடித்தது நிக் கார்டியின் ஓவியம். வசனம்? நாற்பதை நெருங்கும் மாமா, காலேஜ் பையன்களின் கொச்சையைக் கேள்விப்பட்டுத் தானும் பேசிப் பார்ப்பதுபோல இருக்கும். இன்று படித்தால் கூச்சமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

பதின்வயது சூப்பர் ஹீரோ குழு இதுதான் முதலாவதா?

இல்லை. டிசியிலேயே 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' 1958-இலேயே வந்துவிட்டது. மார்வெலின் எக்ஸ்-மென் 1963. இரண்டாம் உலகப்போர் காலத்து 'யங் அலைஸ்' இன்னும் பழசு. எடுபிடிகளை மட்டும் தனியாகத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தது வேண்டுமானால் டைட்டன்ஸின் தனிச்சிறப்பு எனலாம்.

வொண்டர் கேர்ள் யார்? படிக்கப் படிக்கக் குழப்புகிறதே?

குழம்பியது நீங்கள் மட்டுமல்ல. டிசியே குழம்பித்தான் இவளை உருவாக்கியது.

1960-களின் தொடக்கத்தில் வொண்டர் வுமன் இதழில் 'வொண்டர் கேர்ள்' என்ற பெயரில் கதைகள் வந்தன. அது வேறு யாருமல்ல, சிறுமியாக இருந்தபோதைய வொண்டர் வுமனேதான். அப்புறம் அதே இதழில், பெரியவள், சிறுமி, குழந்தை என மூன்று பருவத்து டயானாவையும் (வொண்டர் வுமனின் நிஜப்பெயர்) ஒரே கதையில் ஒன்றாக நிறுத்தி 'நடக்க முடியாத கதைகள்' என்று போட ஆரம்பித்தார்கள். மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்தால் வொண்டர் வுமனுக்கு ஒரு தங்கை இருப்பதுபோலத்தான் தெரியும். ஹேனி அவளை அப்படியே தனி ஆளாக எடுத்து டைட்டன்ஸில் சேர்த்துவிட்டார். ஆக, பிறக்கவே பிறக்காத ஒருத்தி குழுவில் உறுப்பினராகிவிட்டாள்.

நான்கு ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1969-இல் 22-ஆம் இதழில் மார்வ் உல்ஃப்மேன் என்ற இளம் எழுத்தாளர் இந்த ஓட்டையை அடைத்தார். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து வொண்டர் வுமன் காப்பாற்றிய அனாதைக் குழந்தை, வொண்டர் வுமனின் அமேசான் வீராங்கனைகள் வாழும் தீவில் வளர்ந்தவள், பெயர் டோனா டிராய். அதே உல்ஃப்மேன் 1984-இல் 'நியூ டீன் டைட்டன்ஸ்' 38-ஆம் இதழில் மறுபடி வந்து, அந்தக் குழந்தையைப் பெற்றவள் யார் என்று தேடும் கதையை எழுதினார். தேடுவது டிக் கிரேசன், அதாவது ராபின். வில்லன் இல்லை, சண்டை இல்லை. ஒரு பையன் தன் தோழிக்காகப் பழைய ஆவணங்களைத் தேடியும் ஆட்களை விசாரித்தும் அலைகிறான், அவ்வளவுதான். டைட்டன்ஸின் மிகச் சிறந்த இதழ் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சோகம் என்னவென்றால், அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கதையே செல்லாததாகிவிட்டது. 1985-86 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரில் டிசி தன் உலகத்தைக் கலைத்து மறுபடி அடுக்கியது. 1987-இல் வொண்டர் வுமனின் கதை முதலிலிருந்து தொடங்கப்பட்டது. புதுக் கணக்கில் அவள் இப்போதுதான் மனிதர் உலகுக்கே வருகிறாள். அப்படியிருக்க, பல ஆண்டுகளுக்கு முன் குழந்தையை எப்படிக் காப்பாற்றியிருப்பாள்? டோனாவுக்கு 1988-இல் மறுபடி வேறொரு பிறப்புக்கதை. அதற்கப்புறமும் நிற்கவில்லை. 'கிரைசிஸ்' தொடரை எழுதியவரும் உல்ஃப்மேன்தான் என்பது விதியின் விளையாட்டு.

1980 இதழ்களை எல்லாரும் ஏன் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று தெரிந்தால் புரியும். முதல் தொடர் 1973-இல் 43-ஆம் இதழோடு நின்றது. 1976-இல் மறுபடி தொடங்கி 1978-இல் மறுபடி நின்றது. டிசியில் யாருக்கும் இந்தப் பெயர்மேல் நம்பிக்கை இல்லாத நேரத்தில், உல்ஃப்மேனும் ஓவியர் ஜார்ஜ் பெரெஸும் 1980-இல் 'த நியூ டீன் டைட்டன்ஸ்' தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் டிசியின் மிகப் பெரிய வெற்றி இதுதான். மார்வெலின் எக்ஸ்-மென்னுக்குச் சரியான போட்டி என்று பேசப்பட்டது. 1982-இல் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து இரண்டு குழுக்களையும் ஒரே இதழில் மோதவும் விட்டன.

அவர்கள் செய்த முதல் காரியம் மூன்று புது ஆட்களை உருவாக்கியது: சைபார்க், ஸ்டார்ஃபயர், ரேவன். டிசியின் இன்னொரு சூப்பர் ஹீரோ குழுவான பழைய 'டூம் பேட்ரல்' தொடரின் பீஸ்ட் பாயைத் தூசு தட்டி, 'சேஞ்ச்லிங்' என்று பெயர் மாற்றிச் சேர்த்தார்கள். ராபின், வொண்டர் கேர்ள், கிட் ஃப்ளாஷ் மூவரும் பழையவர்கள். ஆக ஏழு பேர்.

இரண்டாவது காரியம் பெரெஸின் கை. ஏழு பேரும் ஒரே கட்டத்தில் நின்றாலும் ஒவ்வொருவரும் நிற்கும் விதத்திலேயே யார் என்று சொல்லிவிடலாம். ஸ்டார்ஃபயர் உடம்பை நிமிர்த்திக் கையை விரித்து நிற்பாள். ரேவன் அங்கியை இழுத்துப் போர்த்தி ஓரமாக ஒடுங்கியிருப்பாள். சண்டை முடிந்து குழு சும்மா உட்கார்ந்து பேசும் பக்கங்களைக்கூட அவர் சண்டைக் காட்சிக்குச் செலவழித்த அதே உழைப்போடு வரைந்திருப்பார். 2022 மே மாதம் அவர் மறைந்தபோது, உலகெங்கும் ஓவியர்கள் பேசியது இந்த உழைப்பைப் பற்றித்தான்.

அந்த நான்கு பேரின் பின்கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சைபார்க் என்ற விக்டர் ஸ்டோன் கல்லூரி விளையாட்டு வீரன். விஞ்ஞானியான அப்பா செய்த ஆராய்ச்சியில் வேற்றுப் பரிமாண ஜந்து ஒன்று உள்ளே நுழைந்து, அம்மாவைக் கொன்று, இவன் உடம்பைச் சிதைத்துவிடுகிறது. அப்பா இவனைப் பாதி உலோகமாக மாற்றி உயிர் பிழைக்க வைக்கிறார். காப்பாற்றியதற்காகவே அப்பாவை வெறுக்கும் மகன். 7-ஆம் இதழில் இருவரும் சமாதானமாகும்போது அப்பாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. குழுவின் தலைமையகமான டைட்டன்ஸ் டவரைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஸ்டார்ஃபயர், டமரான் கிரகத்து இளவரசி கொரியாண்டர். அடிமையாக விற்கப்பட்டுத் தப்பி வந்தவள். முத்தம் கொடுத்தால் அவர்கள் மொழி இவளுக்கு வந்துவிடும். பீஸ்ட் பாய் என்ற கார்ஃபீல்டு லோகன், ஆப்பிரிக்காவில் சிறுவயதில் அபூர்வ நோய் வந்து, பெற்றோர் கொடுத்த சிகிச்சையால் உடம்பெல்லாம் பச்சையானவன். எந்த மிருகமாகவும் மாறுவான். பெற்றோரை இழந்தவன், அதனால்தான் ஓயாமல் ஜோக் அடிக்கிறான்.

ரேவன்தான் இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவள். டிரைகன் என்ற அசுரனுக்கும் ஒரு மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவள். அடுத்தவர் வலியைத் தன் உடம்பில் வாங்கிக் குணப்படுத்துவாள். ஆனால் தனக்கென்று கோபமோ ஆசையோ பொங்கினால் அப்பன் உள்ளே புகுந்துவிடுவான். அவளைப் பற்றி ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அவள் முதலில் உதவி கேட்டுப் போனது பெரிய ஹீரோக்களின் குழுவான ஜஸ்டிஸ் லீகிடம். அவளுக்குள் தீமை தெரிகிறது என்று அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதனால்தான் இளசுகளைத் தேடிப்போய்க் குழுவை மறுபடி கூட்டுகிறாள். கிட் ஃப்ளாஷ் வர மறுத்தபோது அவன் மனசைத் திருகித் தன்மேல் காதல் வரவைத்தும் சேர்க்கிறாள். இது தப்பு என்று தெரிந்தபின் குழுவே அவளைக் கைவிடப் பார்க்கிறது. நல்லவள், ஆனால் செய்தது நல்லதல்ல. இந்தக் கலப்படம் கார்ட்டூனில் கிடைக்காது.

டவர் எந்த ஊரில் இருக்கிறது?

1980 காமிக்ஸில் நியூயார்க், ஈஸ்ட் ரிவரில் ஒரு தீவு. 2003-இல் தொடங்கிய காமிக்ஸ் தொடரில் சான் பிரான்சிஸ்கோ. கார்ட்டூனில் ஜம்ப் சிட்டி என்ற கற்பனை ஊர். ஆங்கில 'டி' எழுத்து வடிவம் மட்டும் எங்கே போனாலும் மாறாது.

ராபின் ஏன் நைட்விங் ஆனான்?

கதைக்குள் ஒரு காரணம், கதைக்கு வெளியே ஒரு காரணம்.

வெளிக் காரணம் முதலில். 1980-களின் தொடக்கத்தில் பேட்மேன் இதழ்களை நடத்தியவர்களுக்கு ராபின் வேண்டும். எடுபிடி இல்லாத பேட்மேன் அவர்களுக்குச் சரிப்படவில்லை. உல்ஃப்மேனும் பெரெஸும் டிக் கிரேசனை விட மாட்டேன் என்கிறார்கள். டைட்டன்ஸ் நன்றாக விற்றதால் அவர்கள் பேச்சு எடுபட்டது. கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது: ஆள் டைட்டன்ஸில் இருக்கட்டும், பெயரும் சட்டையும் பேட்மேனுக்குத் திரும்பட்டும். 1983-இல் ஜேசன் டாட் என்ற புதுப் பையன் பேட்மேன் இதழில் அறிமுகமாகி, பிறகு ராபின் ஆனான்.

இனி உள் காரணம். 1984-இல் 39-ஆம் இதழில் டிக் நண்பர்கள் முன் நின்று ராபின் உடையைக் கழற்றி வைக்கிறான். அதே இதழில் கிட் ஃப்ளாஷும் குழுவை விட்டு விலகுகிறான். சில இதழ்கள் பெயர் இல்லாமல், உடை இல்லாமல், வெறும் டிக்காகவே குழுவுக்குத் தலைமை தாங்குகிறான். 44-ஆம் இதழில் நைட்விங் ஆகிறான். பெயர் கிரிப்டன் கிரகத்துச் சங்கதி, சூப்பர்மேனிடமிருந்து வந்தது. இருளில் வாழும் வழக்கம் பேட்மேனிடமிருந்து வந்தது. உயர்ந்த காலர் வைத்த அந்த முதல் உடை இன்று பார்த்தால் டிஸ்கோ டான்ஸர் போலத்தான் இருக்கும். அந்தக் காலத்துப் பாவம்.

ஒரு ஆபீஸ் தகராறிலிருந்து இவ்வளவு நல்ல கதை பிறந்ததுதான் எனக்கு ஆச்சரியம். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் யாருக்கும் வயசாவதில்லை. 1940-இல் அறிமுகமான ராபின் பல பத்தாண்டுகளாக அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தான். அவனை வளர விட்டது டைட்டன்ஸ். பேட்மேன் இதழுக்குள் மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கும் அவன் அந்தச் சட்டையைக் கழற்றியிருக்க மாட்டான்.

'ஜூடாஸ் கான்ட்ராக்ட்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

இங்கே கதை உடைபடும். படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

2-ஆம் இதழிலேயே விதை போட்டாகிவிட்டது. டைட்டன்ஸை ஒழிக்க ஹைவ் என்ற கும்பலிடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு இளைஞன் சாகிறான். அவனுடைய அப்பா ஸ்லேட் வில்சன், அதாவது கூலிக்கொலையாளி டெத்ஸ்ட்ரோக், மகன் விட்ட ஒப்பந்தத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். 26-ஆம் இதழில் டெரா என்ற பெண் வருகிறாள். மண்ணையும் பாறையையும் ஆட்டுவிக்கும் சக்தி. வாயாடி, முன்பல் எடுப்பான சாதாரண முகம். பீஸ்ட் பாய் அவள்மேல் உருகுகிறான். குழு அவளைச் சேர்த்துக்கொள்கிறது.

34-ஆம் இதழின் கடைசியில் அவள் ஸ்லேட்டின் ஆள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. டைட்டன்ஸுக்குத் தெரியாது. இப்படியே மாதக்கணக்கில் ஓட விடுகிறார்கள். அவள் கண்ணில் ஒட்டியிருக்கும் லென்ஸே ஒரு கேமரா; குழுவினர் அவளோடு சிரித்துப் பேசும் ஒவ்வொரு பொழுதும் ஸ்லேட்டின் கையில் ஆதாரமாகச் சேர்கிறது. 1984-இல் 42 முதல் 44 வரையான இதழ்களும் மூன்றாம் ஆண்டுமலரும் சேர்ந்ததுதான் ஜூடாஸ் கான்ட்ராக்ட். கடைசியில் தன் வெறுப்பாலேயே வெறிபிடித்து, தான் கிளப்பிய பாறைகளுக்கடியில் டெரா செத்துப்போகிறாள்.

திருந்தினாளா? இல்லை. அவள் சாக வேண்டியவள் என்று முடிவு செய்துதான் இருவரும் அவளை உருவாக்கினார்கள். இந்தக் கதையின் பலமே அந்த இரக்கமின்மைதான். ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: டெரா பதின்வயதுப் பெண், ஸ்லேட் நடுவயதுக்காரன். அவர்களுக்கிடையே இருந்த உறவைக் கதை அவளுடைய கெட்ட குணத்துக்கு அடையாளமாகக் காட்டுகிறது. இன்றைய வாசகர் அதில் குற்றவாளி யார் என்று கேட்பார். கேட்பதுதான் சரி.

கார்ட்டூனில் வரும் ஸ்லேடும் டெத்ஸ்ட்ரோக்கும் ஒருவனா?

ஒருவன்தான். கார்ட்டூனில் 'டெத்ஸ்ட்ரோக்' என்ற பெயரைச் சொல்லவே மாட்டார்கள். மகன், மனைவி என்ற பின்கதையும் கிடையாது. ரான் பெர்ல்மேனின் நிதானமான குரல் அந்தக் குறையை மறைத்துவிட்டது.

2003 கார்ட்டூன் எப்படி? காமிக்ஸிலிருந்து எவ்வளவு விலகியது?

கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2003 ஜூலை முதல் 2006 ஜனவரி வரை, 5 சீசன், 65 பகுதிகள். பின்னாலிருந்து வழிநடத்தியவர்கள் கிளென் முராகாமி, சாம் ரெஜிஸ்டர். ஜப்பானிய அனிமே பாணியைத் துணிந்து கலந்தார்கள்: கோபம் வந்தால் தலை பெருக்கும், வெட்கப்பட்டால் கண் வேறு வடிவம் எடுக்கும். தொடங்கியபோது டிசி ரசிகர்களில் ஒரு கூட்டம் இதற்காகவே திட்டித் தீர்த்தது.

ஒவ்வொரு சீசனும் ஒருவரை மையமாக வைத்தது. முதலாவது ராபினும் ஸ்லேடும், இரண்டாவது டெரா, மூன்றாவது சைபார்க், நான்காவது ரேவனும் அவள் அப்பனும், ஐந்தாவது பீஸ்ட் பாய். ஏழு பேரை ஐந்தாக்கி, வயதைக் குறைத்து, காதலை மெலிதாக்கி, கதையின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் சீசனின் டெரா திருந்துகிறாள், ஊரைக் காப்பாற்றிக் கல்லாகிவிடுகிறாள். காமிக்ஸை அறிந்தவர்களுக்கு அது சமரசமாகத் தோன்றலாம். தொடரின் கடைசிப் பகுதியில் பள்ளிச் சீருடையில் அவளைப்போலவே ஒருத்தியை பீஸ்ட் பாய் பார்க்கிறான். அவள் தன்னை டெரா இல்லை என்கிறாள். விளக்கம் எதுவும் தராமல் தொடரையே அங்கே முடித்துவிட்டார்கள். குழந்தைகள் தொடருக்கு அது பெரிய தைரியம்.

ஒரே ஒரு பகுதி பார்க்க நேரம் இருக்கிறது என்றால் மூன்றாம் சீசனின் 'ஹான்டட்' பாருங்கள். செத்துவிட்டதாக நினைத்த ஸ்லேட் திரும்பி வந்து ராபினை அடித்து நொறுக்குகிறான். மற்ற நான்கு பேர் கண்ணுக்கு அங்கே யாருமே தெரியவில்லை. பழைய முகமூடியில் ஒட்டியிருந்த ஒரு தூள் ராபினின் மூளையைக் குழப்பியிருக்கிறது. இருட்டில் மட்டுமே அந்த உருவம் தெரியும் என்று புரிந்துகொண்டு, நொறுங்கிய உடம்போடு ராபின் விளக்கைப் போடுகிறான். எதிரியே இல்லாத சண்டையில் அவனுக்கு எலும்பு முறிகிறது.

அந்தக் கார்ட்டூனில் ராபின் யார்? டிக் கிரேசனா?

நேரடியாகச் சொல்லவே மாட்டார்கள். குறிப்புகளைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. எதிர்காலத்துக்குப் போய்விடும் ஸ்டார்ஃபயர் அங்கே சந்திக்கும் பெரிய ராபின், நைட்விங் ஆகியிருக்கிறான். இன்னொரு பகுதியில் வேறு பரிமாணத்திலிருந்து வரும் லாரி என்ற குட்டி ராபின் தன் நிஜப்பெயராக ஏதோ வாயில் நுழையாத ஒன்றைச் சொல்வான். அதை ஆங்கில எழுத்துகளில் பின்னாலிருந்து வாசித்தால் டிக் கிரேசன்.

தீம் பாட்டு ஏன் சில சமயம் ஜப்பானிய மொழியில் வருகிறது?

பாடியவர்கள் பஃபி அமியூமி என்ற ஜப்பானிய இருவர் குழு. கதை சீரியஸ் என்றால் ஆங்கிலத்தில், கூத்தடிக்கும் பகுதி என்றால் ஜப்பானியத்தில். பாட்டைக் கேட்டே அன்றைக்கு எந்த மாதிரி கதை என்று தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு முன் டைட்டன்ஸ் கார்ட்டூன் வந்ததில்லையா?

1967-இல் ஃபில்மேஷன் நிறுவனம் மூன்று குட்டிப் படங்கள் எடுத்தது. வேடிக்கை என்னவென்றால் அதில் ராபினே இல்லை. பேட்மேனும் ராபினும் அப்போது வேறு சேனலில் ஆட்களை வைத்து எடுத்த தொடரில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

'டீன் டைட்டன்ஸ் கோ!' நல்ல தொடரைக் கெடுத்துவிட்டதா?

2013-இல் தொடங்கிய இந்த நகைச்சுவைத் தொடரில் 2003-இன் அதே ஐந்து குரல்கள். கதை கிடையாது, வில்லன் எப்போதாவதுதான். ஐவரும் வீட்டில் உட்கார்ந்து சாப்பாட்டுக்கும் டிவிக்கும் அடித்துக்கொள்வார்கள். 400 பகுதிகளைத் தாண்டியும் ஓடியதால், அந்தச் சேனலில் வேறு ஒன்றும் இல்லையா என்ற எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

என் கருத்து: வெறுப்பவர்கள் சொல்வது புரிகிறது, ஆனால் தொடர் அவர்கள் சொல்லுமளவுக்கு முட்டாள்தனமானது அல்ல. தன்னைத் திட்டும் ரசிகர்களைத் தானே கிண்டல் செய்யும். 2018-இல் வந்த சினிமாவில், தங்களைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று ராபின் புலம்புவதுதான் கதை. அரைநூற்றாண்டாக எடுபிடிப் பட்டத்தைக் கழற்ற முடியாதவனின் அதே பழைய வலிதான், காமெடியாக வருகிறது. சூப்பர்மேனுக்குக் குரல் கொடுத்தவர் நிக்கோலஸ் கேஜ். போட்டி நிறுவனத்தின் ஸ்டான் லீ தானாகவே வந்து தலைகாட்டிவிட்டுப் போவார்.

அந்தப் படத்தின் முடிவில் 2003 அணி ஒரு நொடி எட்டிப் பார்க்கும். அடுத்த ஆண்டு இரண்டு அணிகளும் மோதும் படம் வந்தது. பழைய தொடருக்கு ஆறாம் சீசன் வரவில்லை. 2006-இல் டோக்கியோவில் நடக்கும் ஒரு முழுநீளப் படத்தோடு அது முடிந்துவிட்டது.

'யங் ஜஸ்டிஸ்' என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. 1998-இல் அந்தப் பெயரில் வந்த காமிக்ஸ் அடுத்த தலைமுறை எடுபிடிகளைப் பற்றியது. 2010-இல் தொடங்கிய அனிமேஷன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, டைட்டன்ஸ் ஆட்களையும் கலந்து, தனக்கென ஓர் உலகம் கட்டியது. 2003 கார்ட்டூன் பார்த்து வளர்ந்துவிட்டவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது அதுதான்.

'ப்ரொடெக்டர்' என்று ஒருவன் ராபின் இடத்தில் நிற்கும் இதழைப் பார்த்தேன். யார் அவன்?

பிஸ்கட் கம்பெனி பெற்ற பிள்ளை. 1983-இல் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் போதைப்பொருள் எதிர்ப்பு இதழ் ஒன்றை டைட்டன்ஸை வைத்துத் தயாரித்தார்கள். செலவை ஏற்றது கீப்ளர் என்ற பிஸ்கட் நிறுவனம். விளம்பரத்தில் ராபினைப் பயன்படுத்தும் உரிமையோ போட்டி நிறுவனமான நபிஸ்கோவிடம் இருந்தது. அதனால் ராபின் இருக்க வேண்டிய இடத்தில் ப்ரொடெக்டர் என்ற புதியவனை நிறுத்தினார்கள். அவனும் தலைவன்போலவே கட்டளையிடுவான், மற்றவர்களும் காலங்காலமாகப் பழகியவன்போலவே கேட்டுக்கொள்வார்கள். அதன்பின் அவனுக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை.

குழந்தைகளுக்கு எதைக் காட்டலாம்?

'கோ!' சின்னப் பிள்ளைகளும் பார்க்கலாம், கழிவறை ஜோக்குகள் உங்களுக்குப் பரவாயில்லை என்றால். 2003 தொடருக்கு எட்டு வயது தாண்டட்டும். ரேவன் அப்பன் வரும் நான்காம் சீசன் கொஞ்சம் பயமுறுத்தும். 1980 காமிக்ஸ் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. 2018 முதல் 2023 வரை நான்கு சீசன் வந்த, நடிகர்களை வைத்து எடுத்த 'டைட்டன்ஸ்' தொடர் ரத்தமும் கெட்ட வார்த்தையுமாக இருக்கும். பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

காமிக்ஸ் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

1980 'நியூ டீன் டைட்டன்ஸ்' முதல் இதழ். தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. புகழைக் கேட்டு நேராக ஜூடாஸ் கான்ட்ராக்டுக்குத் தாவ வேண்டாம். 26-ஆம் இதழிலிருந்து டெராவோடு பழகியிராவிட்டால் அந்தத் துரோகம் வெறும் தகவலாகத்தான் போய்ச் சேரும்.

வாங்கும்போது எண்களில் கவனம் வேண்டும். 40-ஆம் இதழ் வரை 'நியூ டீன் டைட்டன்ஸ்'. 41-இலிருந்து பெயர் 'டேல்ஸ் ஆஃப் த டீன் டைட்டன்ஸ்' என்று மாறும், எண் தொடரும். அதே 1984-இல் உயர்ரகத் தாளில், காமிக்ஸ் கடைகளுக்கு மட்டும் என்று 'நியூ டீன் டைட்டன்ஸ்' இன்னொரு முதல் இதழோடு தொடங்கும். அதுவும் இதே கதையின் தொடர்ச்சிதான். அந்த இரண்டாம் தொடரில் பெரெஸ் ஐந்து இதழ் வரைந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். 1988-இல் 50-ஆம் இதழுக்குத்தான் திரும்புவார். பணத்தையும் நேரத்தையும் பார்க்கிறவர்கள் அந்த ஐந்தாவது இதழில் நிறுத்திக்கொள்ளலாம்.